வைட்டமினும் என் வலது கையும்

மனைவியை ஒரே ஒரு தடவையாவது ஜெயித்துவிடுவது என்று 2009 ஜூன் மாதம் முடிவெடுத்தேன். நாற்பத்தாறு வயதில் ஒருவன் இவ்வளவு பெரிய முடிவெல்லாம் எடுக்கக்கூடாது.

பிரச்சினை ஸ்கூட்டர். எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. எனக்கு வேலை ஊரின் மறுகோடியில், பீன்யாவில். வீடு இருக்கும் ஜோகுபாளையத்திலிருந்து பஸ்ஸில் போனால் பாதி ஆயுள் போய்விடும். என் மனைவி பெர்னதெத் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். கிளினிக் கோரமங்கலாவுக்கு மாறியதும் அவளும் வண்டி கேட்டாள்.

"அது கனமான வண்டி, பெர்னா. ஸ்டாண்டு போடவே கையில பலம் வேணும்."

"அப்படியா? டேபிள்ல முழங்கையை ஊனி, யாரு கையை யாரு சாய்க்கிறதுன்னு பாத்துடலாம். ஜெயிச்சவங்களுக்கு வண்டி. மூணு மாசம் டைம்."

சிரித்தேன். அதுதான் நான் கடைசியாகச் சிரித்தது.

மறுநாளே ஜிம்மில் சேர்ந்தேன். மாஸ்டர் டொமினிக் கழுத்து இல்லாமலே வாழ்கிறவர். "வைட்டமின் சி, ஈ ரெண்டையும் டபுளா போடுங்க குரு. எட்டே வாரம், சட்டை கிழியும்!" என்றார்.

பாட்டில்களைப் பெர்னதெத் பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது?"

"ஆன்டி ஆக்ஸிடென்ட்."

"ஐயோ! எந்த ஆன்ட்டிக்கு ஆக்சிடென்ட்?"

ரிசப்ஷனில் உட்காருகிறவளுக்கு விஞ்ஞானம் எங்கே தெரியப்போகிறது? பரிதாபப்பட்டுப் பத்து நிமிடம் விளக்கினேன். உடற்பயிற்சி செய்தால் உடம்புக்குள் துரு பிடிக்கும், இது துருவை எடுக்கும் என்றேன். வாயைப் பிளந்து கேட்டாள்.

அன்றிலிருந்து தண்ணீரும் மாத்திரையுமாக அவளே வந்து நிற்பாள். "சி ஆச்சா? ஈயையும் முழுங்குங்க!"

ஞாயிறுதோறும் என் புஜத்தை அளந்தாள். பதினோரு அங்குலம். அடுத்த மாதமும் பதினொன்று.

"டேப் பழசு" என்றேன்.

புது டேப் வாங்கி வந்தாள். புத்தம்புதிய பதினொன்று.

இதற்கிடையில் அவள், கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, சீரியல் பார்த்தபடி இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இது?"

"சும்னே, சும்மாத்தான். பொழுது போக வேணாமா?"

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் போட்டி. பக்கத்து வீட்டு முத்தம்மாதான் நடுவர். "ஒண்ணு" என்றார். இரண்டு சொல்ல அவசியமே ஏற்படவில்லை. என் கை டேபிளில் கிடந்தது.

"எப்படிடீ?" என்றேன்.

"ஜூன் மாசமே எங்க டாக்டர் ஒரு பேஷன்ட்கிட்ட சொன்னாரு. அந்தத் துரு கொஞ்சம் இருந்தாத்தான் தசை 'நாம வளரணும்'னு முழிச்சுக்குமாம். இந்த மாத்திரையை அள்ளிப் போட்டா அது தூங்கிடலாமாம். இன்னும் முழுசா நிரூபணம் ஆகலையாம்."

"அடிப்பாவி! என்கிட்ட ஏன் சொல்லலை?"

பெர்னதெத் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டாள்.

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களே!"