அப்பாவை மிராசுதாராக்கிய பதினெட்டாம் பக்கம்

என்னைக் கவனமில்லாதவள் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் கோபம் வரும். அன்று நான் கவனமாகத்தான் இருந்தேன். கவனம் வேறு இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. பட்டா, சிட்டாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் மென்பொருள் ஒன்றைத் தஞ்சாவூரில் ஒரு சின்னக் கம்பெனி தயாரித்தது. அதை வெளியிடுவதற்கு முன், ஆபரேட்டர்களுக்கான கையேட்டில் ஓரம், கட்டம், எழுத்தளவு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. (சேர்ந்து இரண்டே மாதம். நானில்லாமல் கம்பெனியே நடக்காது என்று நினைப்பு.)

மாதிரிக்காகக் காட்டுவது சாம்பல் நிறக் கட்டத்துக்குள் இருக்கும். கட்டமில்லாததை ஆபரேட்டர்கள் அப்படியே டைப் அடிக்க வேண்டும். இதுதான் விதி. பதினெட்டாம் பக்கத்தில் 'நில உரிமையாளர்' என்பதற்கு மாதிரிப் பெயர் ஒன்று கேட்டார்கள். அப்பாவின் பெயரைக் கொடுத்தேன்: த. வீராசாமி.

அப்பா பண்ணையில் ஏர் ஓட்டியவர். பண்ணையிடம் உச்சவரம்புக்கு மேல் இருந்ததில், கொடி பிடித்துப் போராடிக் கிடைத்த உபரி நிலம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். பல வருஷமாக உழுதும் அதுவரை பட்டா மட்டும் வந்திருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து பிடுங்கிக்கொள்ளலாம் என்ற பயத்திலேயே வளர்ந்தேன். அந்தப் பெயரை அச்சில் பார்க்க அத்தனை ஆசை.

கடைசிப் பிரதி வந்த மதியம், ஜன்னலுக்கு வெளியே வாய்க்காலில் புதுத்தண்ணீர் ஓசையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. சேறடித்த வயல் முழுக்க வானம் கிடந்தது. பதினெட்டாம் பக்கத்தை ஏழு முறை படித்தேன். பெயரைத்தான் படித்தேன். சுற்றியிருந்த கட்டம் காணாமல் போனது கண்ணில் படவேயில்லை.

வெளியீட்டுக்கு முதல்நாள், நிலப் பதிவேட்டின் நகலை வைத்து ஒத்திகை. இருபது ஆபரேட்டர்களும் ஒவ்வொரு நிலத்தின் உரிமையாளர் பெயரையும் கையேட்டில் உள்ளபடியே அடித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அப்பா பதினான்கு ஊர்களுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். மென்பொருளும் தன் கடமையைச் செய்து, தானாகவே ஒரு நோட்டீஸை அச்சடித்தது.

மேலதிகாரி சந்திரா மேடம் ஒரு தாளை நீட்டினார்.

"யாரும்மா இந்த வீராசாமி? உச்சவரம்புக்கு மேல நிலம் வச்சிருக்காருன்னு நோட்டீஸ் வந்திருக்கு."

"எங்க அப்பாங்க மேடம். அவருக்குப் பட்டாவே இல்லீங்க."

மேடம் சிரிக்கவில்லை. "நாளைக்கு நிஜப் பதிவேட்டுல ஏறியிருந்தா என்ன ஆயிருக்கும்? உன் வேலையும் போயிருக்கும், என் வேலையும் போயிருக்கும்."

வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது. வேலை தப்பியது. வெட்கத்தோடு அந்த நோட்டீஸை வீட்டுக்குக் கொண்டுபோனேன். இப்படியொரு நோட்டீஸைப் பண்ணைக்காரர்களுக்கு அனுப்பச் சொல்லித்தான் அப்பா ஜெயிலுக்கே போனார். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நமக்கு மூணு மா போதும். மிச்சத்தை ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சுக் குடுத்துடச் சொல்லு" என்றார்.

நாலு வருஷம் கழித்து நிஜப் பட்டாவும் வந்தது. ஆனால் உறவுக்காரர்கள் கேலியை விடவில்லை. கல்யாண வீட்டில் அப்பா நுழைந்தால் இன்றும், "மிராசுதார் வந்துட்டாருங்க, சேர் போடுங்க" என்பார்கள். அப்பா சாவகாசமாக உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொல்வார்:

"நானும் அரை நாள் மிராசுதாரா இருந்தவன்தான். ஒருத்தனையாவது கைகட்டி நிக்க வச்சேனா?"