சீரழியக் கொடுத்து வைத்த தெரு

ஒரு தெரு சீரழிந்து கிடக்கிறதா இல்லையா என்று சொல்ல, அதில் குடியிருப்பவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அது நகராட்சியின் அதிகாரம். நகராட்சிக்கும் அது தானாகத் தெரியாது. அதன் வக்கீல்தான் சொல்ல வேண்டும். அந்த வக்கீலை ஊரில் எல்லோரும் 'சீரழிவு வக்கீல்' என்றார்கள். அவரும் அதை யாரோ கொடுத்த பட்டம் மாதிரி சந்தோஷமாகச் சுமந்துகொண்டிருந்தார்.

மறுசீரமைப்புச் சட்டப்படி ஒரு பகுதி 'சீரழிந்த பகுதி' என்று அறிவிக்கப்பட்டால் நகராட்சி அதற்குச் செலவு செய்யலாம், வரியைத் தள்ளலாம், தோன்றினால் மொத்தமாக எடுத்துக்கொண்டு இடித்தும் தள்ளலாம். ஆதியில் சீரழிவு என்றால் நமக்கெல்லாம் தெரிந்த சீரழிவுதான்: ஒழுகுகிற கூரை, அடைத்த சாக்கடை, சாய்ந்த சுவர். இதில் ஒரே ஒரு கஷ்டம். அதையெல்லாம் பார்க்க அதிகாரிகள் அந்தத் தெருக்களில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. ஒரு பொறியாளரின் இடது கால் ஷூவைச் சாக்கடை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவே இல்லை.

அப்போது இளைஞராக இருந்த நம் வக்கீல், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சீரழிவைக் கண்டுபிடிக்க வழி செய்து கொடுத்தார். 'தன் முழுப் பயனை அடையாமல் எந்த இடம் வீணாகக் கிடக்கிறதோ அதுவே சீரழிந்த பகுதி' என்று எழுதினார். ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்ப்பதும் வேண்டாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா? தெருவுக்கு ஒரு மாதிரி வீடு பார்த்தால் போதும் என்று அதையும் விதியாக்கினார். நகர்மன்றம் எழுந்து நின்று கைதட்டியது. நீதிமன்றம்கூடத் தலையாட்டிவிட்டது. அன்றிலிருந்து அவர் தொழில் ஏறுமுகம்.

புதிய விளக்கத்தின்படி முதலில் சீரழிந்தது நகராட்சித் தலைவர் குடியிருந்த பெரிய சாலை. வீட்டுக்குப் பத்து அறை, இரண்டு பேர். யாரும் உட்காராத புல்வெளி. சருகுகள் மட்டும் நீந்துகிற நீச்சல் குளம். இத்தனை வீண் ஊரில் வேறெங்கும் இல்லை என்று அறிக்கை உருக்கமாகச் சொன்னது. வரி தள்ளுபடியானது, நடைபாதைக்குப் பளிங்குக் கல் வந்தது. வக்கீலும் அங்கேயே ஒரு வீடு வாங்கி, அதையே சாலையின் மாதிரி வீடாக மனமுவந்து கொடுத்தார்.

பிறகு அது மோஸ்தராகிவிட்டது. வாசலில் பித்தளைப் பலகை மாட்டினார்கள்: 'சான்று பெற்ற சீரழிந்த பகுதி'. "நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டால், "சீரழிஞ்ச பகுதியிலதான்" என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். அடுத்த சாலைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நகைக்கடைக்காரர் அறை காலியாக வேண்டும் என்பதற்காக மாமியாரை மைத்துனர் வீட்டுக்கு அனுப்பினார். மைத்துனரும் அதே எண்ணத்தில் இருந்ததால் அந்த அம்மாள் கொஞ்ச நாள் வழியிலேயே இருந்தார்.

வக்கீலைப் படிக்க வைத்தவர் அவருடைய அக்கா. சலவைக்கடையில் நின்று ஊரார் துணிக்கெல்லாம் இஸ்திரி போட்ட கை அது. அக்கா இன்னும் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்துத் தெருவில்தான் இருந்தார். ஒருநாள் தம்பியின் அலுவலகத்துக்கு வந்தார்.

"தம்பி, சாக்கடை உடைஞ்சு தண்ணி அடியில இறங்குது. பின்பக்கச் சுவர் சாயுது. பீரோவை முட்டுக்கொடுத்து வச்சிருக்கோம். அந்தச் சாக்கடையை மட்டும் சரிபண்ணச் சொல்லு."

"அதுக்கு உன் தெரு சீரழிஞ்சிருக்கணும்க்கா."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"நீ சொன்னா ஆச்சா? மனு கொடுத்தவங்க வீடுதான் மாதிரி வீடு. உன் வீட்டுல எத்தனை ரூம்?"

"ரெண்டு."

"எத்தனை பேர்?"

"எட்டு. மாடியில குடியிருக்கிறவங்க தனி."

"மாடிப்படிக்குக் கீழ?"

"மாமனார் படுத்துக்கிறார்."

வக்கீலின் முகம் மலர்ந்தது. "பாத்தியா! ஒரு சாண் இடம் வீணில்லை. முழுப் பயனை அடைஞ்ச தெருன்னா ஊர்லயே அது உன் தெருதான். பெருமைப்படுக்கா."

"பெருமை சுவரைத் தாங்குமாடா?"

மனு முறைப்படி நிராகரிக்கப்பட்டது. ஆறுதலாக, 'இடத்தை முன்மாதிரியாகப் பயன்படுத்தும் தெரு' என்று ஒரு பாராட்டுப் பத்திரமும் வழங்கப்பட்டது. அக்கா மேல் வக்கீலுக்குப் பாசம் இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும். நிறையப் பாசம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எதையும் செய்யாமல் இருக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மழை வந்தது. சுவர் பாராட்டுப் பத்திரத்தைப் படித்திருக்கவில்லை, விழுந்துவிட்டது. நல்லவேளை, பட்டப்பகல், எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே படுத்திருந்த மாமனார் மட்டும் தூசியோடு எழுந்து வந்து, யார் கதவைத் தட்டியது என்று கேட்டார்.

சாயங்காலம் வக்கீல் வீட்டு வாசலில் ஒரு சாமான் வண்டி நின்றது. அக்கா, அக்காவின் வீட்டுக்காரர், பிள்ளைகள், மாமனார், மாடிக் குடித்தனக்காரர்கள், முட்டுக்கொடுத்திருந்த பீரோ.

"வேற எங்கடா போவேன்?" என்றார் அக்கா.

தம்பி கதவை அகலத் திறந்தார். அவர் மனைவி வண்டியிலிருந்து இறங்கிய தலைகளை எண்ணினாள். "என்னங்க, எவ்வளவு நாளைக்கு?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். வராத விருந்தாளிகளுக்கான அறையில் மாடிக் குடித்தனம் இறங்கியது. உடற்பயிற்சி மெஷின்மேல் பாவாடைகள் காய்ந்தன. நாய்க்கென்று ஒதுக்கிய அறையில் மாமனார் காலை நீட்டிப் படுத்தார். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் நீந்தினார்கள். அந்தச் சாலையின் சரித்திரத்திலேயே அது முதல் தடவை.

வருடாந்திர ஆய்வுக்கு வந்த மதிப்பீட்டாளர் வழக்கம்போல் காரின் கண்ணாடியை இறக்காமல் பார்த்தார். பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார். அன்றே தலைவர் ஓடி வந்தார்.

"வக்கீல் சார், என்ன காரியம் பண்ணிட்டீங்க! உங்க வீடு முழுப் பயனை அடைஞ்சிடுச்சாம்!"

"தலைவரே, கூடப் பிறந்தவங்க…"

"கூடப் பிறந்தவங்களை யாரு வேண்டாம்னா? ஆனா உங்க வீடுதானே மாதிரி வீடு? இப்படியே இருந்தா நம்ம சாலை நல்ல சாலையாயிடும்யா! நாமளும் எல்லாரையும் மாதிரி வரி கட்டணும்!"

"அவங்க வீட்டுச் சுவர் விழுந்துடுச்சே."

"விழுந்தா எழுப்ப வேண்டியதுதானே? இதுக்குக்கூடவா சட்டம் பார்ப்பாங்க?"

ஆக, சட்டம் பார்க்காமல் வேலை நடந்தது. ஷூவைத் தொலைத்த பொறியாளரே முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினார். சாக்கடை சரியானது, சுவர் எழுந்தது. சொகுசாக இருந்தால் திரும்பி வரமாட்டார்கள் என்று தலைவர் பின்பக்கம் ஓர் அறையும் கூடுதலாகக் கட்டச் சொன்னார். அக்கா குடும்பம் வீடு திரும்பியது, பெரிய சாலை பழையபடி சீரழிந்தது. வக்கீல் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது அடுத்த ஆய்வு. புது அறையில் மாமனார் படுக்கிறார். அதனால் மாடிப்படிக்குக் கீழே இடம் காலி. சந்துத் தெருவின் மாதிரி வீட்டில் வீண் இடம்! ஆகவே சந்துத் தெரு சீரழிந்த பகுதி. ஆகவே நகராட்சி அதை எடுத்துக்கொண்டு இடிக்கலாம். பெரிய சாலைக்காரர்களின் கார்களை நிறுத்தவும் இடம் தேவைப்பட்டது.

வக்கீல் ஆட்சேபித்திருக்கலாம். ஆட்சேபித்தால் விளக்கமே தப்பு என்று சொல்ல வேண்டும். விளக்கம் தப்பென்றால் பெரிய சாலை தப்பு, தள்ளிய வரி தப்பு, அவருடைய தொழிலே தப்பு. ஓர் அக்காவுக்காக இத்தனையையும் தப்பாக்க முடியுமா? பேனாவைத் திறந்து இரண்டு தடவை மூடி வைத்தது உண்மைதான். கையெழுத்து நன்றாகவே விழுந்தது.

அறிவிப்பைத் தெருவில் படிக்க வேண்டும் என்பது விதி. வக்கீலே மைக்கைப் பிடித்தார். "இத்தெரு இன்றுமுதல் சீரழிந்த பகுதியாக…" என்று அவர் முடிப்பதற்குள் தெரு அதிர்ந்தது. "நமக்கும் கிடைச்சிடுச்சு!" என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். யாரோ இனிப்புப் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு பூங்கொத்து வக்கீல் கையில் வந்து விழுந்தது. கைதட்டலில் மைக் தோற்றுப்போனது.

அக்கா மட்டும் கைதட்டவில்லை. பக்கத்தில் வந்து கேட்டார்: "இன்னும் ஏதோ படிக்காம வச்சிருக்கியே, என்னடா அது?"

"இடிக்கப் போறாங்கக்கா."

"எதை?"

"தெருவை."

அக்கா அவரையே பார்த்தார். "சுவர் சாஞ்சப்போ நல்ல தெரு. நிமிர்ந்ததும் சீரழிஞ்ச தெருவாடா?"

வக்கீலுக்கு வெட்கமாக இருந்தது. பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இவங்ககிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"கைதட்டி முடிக்கட்டும்க்கா."

அதற்குள் அக்காவின் வீட்டுக்காரர் வியர்க்க விறுவிறுக்கக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். வாயெல்லாம் பல்.

"மச்சான், மாடிப்படிக்குக் கீழ என் பையன் படுத்துக்கிறேன்னான். நான்தான் விடலை. காலியா கிடக்கட்டும்டா, நாமளும் கௌரவமா ஒரு இடத்தை வீணாக்குவோம்னு சொன்னேன். பலிச்சிடுச்சு பாத்தீங்களா! பக்கத்துத் தெருக்காரங்க வயிறெரிஞ்சு நிக்கிறாங்க. அவங்க தெருவையும் கொஞ்சம் சீரழிச்சுக் கொடுக்க முடியுமான்னு கேக்கறாங்க."

வக்கீல் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"மனு கொடுக்கச் சொல்லுங்க, மாமா."