நாலு றோட்டுச் சந்தியில் மாப்பிள்ளை விசாரித்த விவரம்

ஷ்லீரன், சுவிற்சர்லாந்து,
1987 ஆவணி

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய பத்மநாதன் அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் ஸ்ரீஸ்கந்தராஜா பணிவுடன் வரைவது. நானும் தங்கை சுகந்தியும் இங்கு சுகம். கொழும்பில் தாங்களும் மனோகரி அக்காவும், அக்காவின் முழங்காலும் நலமாயிருக்க வேண்டுமென்று, பக்கத்தில் கோயில் இல்லாத காரணத்தால், குசினியில் மாட்டியிருக்கும் பிள்ளையார் படத்திடம் கேட்டுக்கொள்கிறோம். மேல்மாடி ஹூபர் அம்மா, நான் ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்தேன் என்று வீட்டுக்காரருக்கு மறுபடியும் முறைப்பாடு எழுதிப்போட்டார். வேறு விசேஷமில்லை.

விசேஷம் ஒன்று இருக்கிறது. சுகந்திக்கு நீங்கள் பேசிய அமெரிக்கா மாப்பிள்ளையை நேரில் போய் விசாரித்து வந்துவிட்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம். காரணத்தை ஆறுதலாக வாசியுங்கள், பிரஷர் குளிசையைப் போட்டுவிட்டு வாசித்தால் இன்னும் நல்லது.

எங்கள் கொம்பனி நெவாடாவில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு லிப்ட் பூட்ட என்னை அனுப்பியது. வேலை முடிந்ததும் பஸ் பிடித்து மாப்பிள்ளை இருக்கிற சில்வர் கோர்னருக்குப் போனேன். சந்திரகுமார், ஹோட்டல் மனேச்சர், நாலு பெருந்தெருக்கள் சந்திக்கிற இடம், வெள்ளிச் சுரங்கத்தால் பேர்பெற்ற ஊர் என்று எழுதியிருந்தீர்கள். நாலு றோட்டுச் சந்தி எண்டால் நான் என்னத்தை நினைப்பன், அத்தான்? கடை, சந்தை, சனம் எண்டுதானே நினைப்பன். நாலு றோட்டும் சந்திக்கிறது உண்மைதான். சந்திச்சுப்போட்டு ஒண்டும் கதைக்காமல் தங்கட தங்கட பாட்டில வனாந்தரத்துக்குள்ள போகுதுகள். ஒரு பெற்றோல் செட், ஒரு சாப்பாட்டுக்கடை, நீங்கள் ஹோட்டல் எண்டு எழுதின நீளமான தகரக் கூரைக் கட்டிடம், பின்னால ஒரு மொட்டை மலை, மலையில ஒரு ஓட்டை. அந்த ஓட்டைதான் சுரங்கம். வெள்ளி முடிஞ்ச உடன சனம் மூட்டை கட்டிப் போட்டுதாம், போக மனமில்லாத கொஞ்சப்பேர்தான் மிச்சம். லிப்ட்காரனான எனக்கு ஏறி இறங்க ஒரு மாடிகூட அந்த ஊரில இல்லை.

மாப்பிள்ளை விசாரிக்கப் போற ஆள் எடுப்பா இருக்கவேணுமெண்டு கோட்டுப் போட்டு, ரை கட்டி, கறுப்புக் கண்ணாடியும் போட்டு, கையில ஒரு தோல்பையோட இறங்கினன். வெயில் எண்டால் சொல்லி வேலையில்லை, பாண் சுடுற போறணை வாசலில நிண்ட மாதிரி. எங்கட முறை உங்களுக்குத் தெரியும்தானே. நேர மாப்பிள்ளையின்ர வாசலில போய் நிக்கிறேல்லை. முதல் சந்திக் கடையில ஒரு தேத்தண்ணி, ஆரெண்டு சொல்லாமல் மெல்லமாக் கதை குடுக்கிறது, பிறகு பக்கத்து வீடு, பிறகு எதிர் வீடு. இப்பிடி வடிவா விசாரிச்சபடியால்தான் இஞ்ச சுவிசில ஷாஃப்ஹவுசன் சம்பந்தத்தையும் நொஷாட்டல் சம்பந்தத்தையும் நேரத்தோட நிப்பாட்டினனான். நொஷாட்டல் பெடியனைப் பற்றி அவனோட ஒரே அறையில படுக்கிறவனே என்னவெல்லாம் சொன்னவன். எங்கட ஆக்களுக்கு ஒரு கோப்பி வாங்கிக் குடுத்தாக் காணும், கேளாததையும் சேர்த்துச் சொல்லுவினம். சுகந்திக்கு முப்பத்திரண்டு முடிஞ்சுது. இந்த முறையும் பிழைச்சால் இனி ஒருத்தரும் எனக்கு வேண்டாம் அண்ணை எண்டு சொல்லிப்போட்டாள். அந்தக் கவலையில இன்னும் நுணுக்கமா விசாரிச்சன்.

சாப்பாட்டுக்கடைக்காரி டோரதி எண்டு ஒரு மனுசி, எழுபது வயது மதிக்கலாம், உதட்டில நல்ல சிவப்புச் சாயம். தேத்தண்ணி கேட்டன், ஐஸ் போட்டுத் தந்தா. இந்த ஊரில சிலோன் ஆள் ஒருத்தர் இருக்கிறாரோ, எப்ப வந்தவர், குடிப்பாரோ, ஆரும் பொம்பிளையள் வந்து போறவையோ எண்டு ஒவ்வொண்டா விட்டுப் பார்த்தன். மனுசி ஒரே கிளாசைத் திருப்பித் திருப்பித் துடைச்சா. அப்பிடி ஒருத்தரும் இந்த ஊரில இல்லை எண்டா. பிறகு உள்ளுக்குப் போய் ஆருக்கோ ரெலிபோன் எடுத்தா. பெற்றோல் செட்காரனைக் கேட்டன், அவனும் கண்டதில்லையாம். வாசலில ஏர்ல் எண்டு ஒரு கிழவர், பழைய சுரங்கத் தொழிலாளி, சிலோன் எண்டால் என்னெண்டே தெரியாதாம். அத்தான், அந்த மனுசன்ர கையில பாதி கடிச்ச பருப்பு வடை. கண்ணால கண்டனான், கடலைப்பருப்பு வடை, கறிவேப்பிலை துருத்திக்கொண்டு நிக்குது. அதைச் சப்பிக்கொண்டே எனக்கு அப்பிடிப் பொய் சொல்லுறார்.

திரும்பிற பஸ் அடுத்தநாள்தான் எண்டாப்போல, நிழல் தேடி அந்த மலை ஓட்டைக்கு ஏறினன். உள்ளுக்க ஒரு ஆள் பிளாஸ்கோட குந்திக்கொண்டிருக்குது. என்னைக் கண்ட உடன எழும்பி நிண்டு, கையை விரிச்சுக் காட்டிக்கொண்டு, விசாப் பேப்பரெல்லாம் சரி, மேசை லாச்சிக்குள்ள இருக்குது எண்டு இங்கிலீசில சொன்னான். எனக்கு வாய் தன்ர பாட்டில, "தம்பி, நீர் எந்த ஊர்?" எண்டு கேட்டுப்போட்டுது. அவன் அப்பிடியே கீழ இருந்திட்டான். "அண்ணை, உங்களாலதான் காலமை தொட்டு இதுக்குள்ள கிடக்கிறன்" எண்டான். அதுதான் உங்கட மாப்பிள்ளை.

நடந்தது இதுதான். போன வருசம் என்னை மாதிரிக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமா வந்த குடிவரவு அதிகாரியள் இப்பிடித்தான் பேர் கேட்டு, டோரதியின்ர மெக்சிக்கோச் சமையல்காரனை ஏத்திக்கொண்டு போட்டினம். அண்டையில இருந்து ஆர் ஆரைக் கேட்டாலும் ஊர் முழுக்க இல்லை எண்டுதான் சொல்லுமாம். பேப்பர் சரியெண்டால் நீர் ஏன் ஓடினீர் எண்டு கேட்டன். "கோட்டுப் போட்ட ஆள் பேர் கேட்டு வாறார் எண்டால், யோசிக்க முதல் கால் ஓடிப்போடும், அண்ணை" எண்டான். இஞ்ச பொலிசைக் கண்டால் எனக்கும் அப்பிடித்தான். ஆனா நான் காட்டிக்கொள்ளேல்லை.

பின்னேரம் சோறும் ரின்மீன் குழம்பும் வைச்சான். உறைப்பு அளவா இருந்தது, அதை மறைக்கக்கூடாது. டோரதி, ஏர்ல், பெற்றோல் செட்காரன் எல்லாரும் தங்கட தங்கட கோப்பையைக் கொண்டுவந்து குந்திச்சினம். டோரதி எனக்கு மட்டும் கடைசியாத்தான் சோறு போட்டா.

ஆனபடியால் அத்தான், யோசிச்சுப் பாருங்கோ. தண்ணி லொறியில வருது. கோயிலுமில்லை, குளமுமில்லை. ஹோட்டலில தங்கிறது லொறிக்காரர். ஊர்ச்சனம் அடியில இருந்து நுனி வரைக்கும் பொய்யர். எல்லாத்துக்கும் மேல, மாப்பிள்ளையைப் பற்றி ஒரு குறைகூட ஒருத்தரும் சொல்லேல்லை. குறையே சொல்லாத மாப்பிள்ளையை எப்பிடி நம்பிறது? சாதகம் பொருந்தவில்லை என்று பக்குவமாகச் சொல்லி, தயவுசெய்து இதை நிறுத்திவிடுங்கள். அக்காவுக்கு முழங்காலுக்குப் பூச மருந்தெண்ணெய் வேறாக அனுப்பியிருக்கிறேன். இருவரும் நீண்ட ஆயுளோடும் குறையாத கண்பார்வையோடும் வாழ, குசினிப் பிள்ளையார் துணை.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
ஸ்ரீஸ்கந்தராஜா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்ட முதல் சுகந்தி பறிச்சு வாசிச்சுப்போட்டாள். தன்ர கலியாணம் நிப்பாட்டப்படுற கடிதத்தை இப்பதான் முதன்முதல் வாசிக்கிறாளாம். வாசிச்சு முடிச்சு, "அந்தாளைப் பிடிக்க வந்திட்டினம் எண்டு நினைச்சு ஊரே சேர்ந்து பொய் சொன்னதோ?" எண்டு கேட்டாள். ஓம் எண்டன். "இஞ்ச ஒருத்தர் வந்து உங்களைப் பற்றிக் கேட்டால், அண்ணை, ஆர் உங்களுக்காகப் பொய் சொல்லுவினம்?" எண்டாள். இருந்து யோசிச்சன். ஹூபர் அம்மா உடுப்புத் தோய்ச்ச கதையோட முன்னுக்கு ஓடி வருவா. எங்கட ஆக்களுக்கு ஒரு கோப்பி காணும். ஒரு பேரும் வரேல்லை, அத்தான், எனக்குச் சரியான கவலையாப் போச்சு.

நான் கொண்டுவந்த நெருப்புப்பெட்டியில சாப்பாட்டுக்கடையின்ர நம்பர் இருந்தது. அவள் அதுக்கு ரெலிபோன் எடுத்து, சந்திரகுமாரோட கதைக்கவேணும் எண்டாள். டோரதிதான் எடுத்தா. அப்பிடி ஒருத்தரும் இந்த ஊரில இல்லை எண்டு சொல்லி வைச்சிட்டா. சுகந்தி றிசீவரைக் கையில பிடிச்சபடி கண்ணில தண்ணி வரச் சிரிச்சாள். இந்த வீட்டுக்கு வந்த நாள் தொட்டு அவள் அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை. மேலே எழுதினதெல்லாத்தையும் வெட்டிப்போட்டு, நல்ல நாளா ஒண்டு பாருங்கோ.