மூணாவது உதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். குனிஞ்சு என் கால் கட்டைவிரலைத் தொடணும்.

முழங்காலை மடக்கக் கூடாது. அவ்வளவுதான். ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக செய்யற காரியம்!

அப்ப எனக்கு முப்பத்தாறு வயசு. சுருளிப்பட்டிக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல, ஒத்தை ரூம் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரு. வாத்தியாருன்னா ஆக்டிங் வாத்தியாரு. நாலு வருசமா ஆக்டிங்! யுத்த காலம் வேற. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, "இவரை நிரந்தரம் பண்ணலாம்"னு ஒரு கையெழுத்துப் போட்டாத்தான் வேலை நிலைக்கும். இல்லைன்னா சட்டைத் துணியை மடிச்சு வச்சுட்டு, மாமனார் ஊருக்குப் போயி அவுக தோட்டத்துல மடை திறக்க வேண்டியதுதான்.

அந்த இன்ஸ்பெக்டருக்கு டிரில்னா உசுரு. போன வருசம் வந்தப்ப, "வாத்தியாரே, உங்களுக்கு டிரில் வருமா?"ன்னு கேட்டாக.

நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "நல்லா வருங்கய்யா. காலையில எந்திரிச்சதும் அதுதான் எனக்கு மொதல் வேலை"ன்னுட்டேன்.

காலையில எந்திரிச்சதும் எனக்கு மொதல் வேலை திரும்பிப் படுக்கறது.

"அப்படியா! அடுத்த தடவை பிள்ளைகளுக்கு முன்னாடி நீங்களே குனிஞ்சு, நிமிந்து காட்டணும்"னு சொல்லிட்டுப் போனாக. இப்பக் கடுதாசி வந்துருச்சு. நாளைக்குக் காலையில வாராக.

சாயங்காலம் வாசல்ல நின்னு குனிஞ்சேன். கை முழங்கால் வரைக்கும் போச்சு. அங்கனயே நின்னுக்கிச்சு. எனக்கும் என் கால் விரலுக்கும் நடுவுல என் தொப்பை ஒரு பக்கம், தொடைக்குப் பின்னாடி கட்டை மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கற சதை ஒரு பக்கம். ரெண்டும் சேந்து என்னை விடலை.

என் வீட்டுக்காரி பேச்சியம்மா எட்டிப் பார்த்தா.

"என்னங்க, எதைத் தொலைச்சீக? சொன்னா நானும் தேடுவேன்ல."

"டிரில்டி!"

"அப்படி ஒரு சாமானை நம்ம வீட்ல நான் பார்த்ததே இல்லையே"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

ரோசம் வந்துருச்சு எனக்கு. விட்டேனா? தம் கட்டிக்கிட்டு, சடார் சடார்னு குனிஞ்சேன். இருபது தடவை! ஒவ்வொரு தடவைக்கும் கை கொஞ்சம் கொஞ்சமா மேலதான் ஏறுச்சு. கடைசியில இடுப்புல கை வச்சு நின்னுக்கிட்டிருந்தேன்.

அப்பத்தான் எதிர்வீட்டு மொக்கையன் வண்டி கண்ணுல பட்டுச்சு. மாட்டை அவுத்துட்டு, முன்பக்கம் முட்டுக் குடுத்து நிறுத்தி வச்சிருந்தான். நுகத்தடி சரியா என் இடுப்பு உயரம். ஒரு காலைத் தூக்கி அது மேல வச்சு, முன்னாடி சாஞ்சா சதை நீண்டு குடுக்கும்ல? புத்திசாலி நான்! வச்சேன். சாஞ்சேன். கொஞ்சம் நீண்ட மாதிரி கூட இருந்துச்சு.

வண்டிக்குப் பின்னாடி மொக்கையன் நின்னது எனக்குத் தெரியாது. முன்னாடி நான் நிக்கறது அவனுக்குத் தெரியாது.

அவன் பாட்டுக்கு ஒரு பருத்திக்கொட்டை மூட்டையைத் தூக்கி வண்டியோட பின்கோடியில தொப்புன்னு போட்டான்.

பின்னாடி இறங்கினா முன்னாடி ஏறும்ல? நுகத்தடி ஒசந்துச்சு. கூடவே என் காலும் ஒசந்துச்சு! எடுத்துரலாம்னு பார்த்தா, மாடு கட்டற கயித்துல பாதம் மாட்டிக்கிச்சு. ஒரு கால் பூமியில, ஒரு கால் ஆகாசத்துல. வேட்டி எங்கன போச்சுன்னு நான் சொல்லலை.

"ஏலே மொக்கையா! இறக்குடா!"

"மூட்டையையா சார்?"

"எதையாவது இறக்குடா!"

பய பதறிப்போயி மூட்டையை வெடுக்குன்னு கீழ இழுத்துட்டான். நுகத்தடி மடார்னு கீழ வந்துச்சு. தொடைக்குப் பின்னாடி எனக்கு 'டப்'புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் கேட்ட சத்தமெல்லாம் நான் போட்டது.

தூக்கிட்டு வந்து பாயில குப்புறப் போட்டாக. அடுத்த தெருவுல இருந்து கம்பவுண்டர் அருளப்பன் வந்தாக. அமுக்கிப் பார்த்தாக. காலை ஆட்டிப் பார்த்தாக. குண்டியில இருந்து சுண்டுவிரல் வரைக்கும் மின்னல் மாதிரி ஒண்ணு ஓடுச்சு.

"சார், சதைங்கறது நம்ம பேச்சைக் கேக்கும். ஆனா மெதுவாச் சொல்லணும். கொஞ்சம் நடந்து, ஒடம்பு சூடான பெறகு, பையப் பைய இழுத்து, அப்படியே கொஞ்ச நேரம் நிறுத்தணும். நாள்பட நாள்பட விட்டுக்குடுக்கும். சடார்னு இழுத்தா, அறுந்துருவோம்னு பயந்துக்கிட்டு தானாவே சுருங்கிக்கும்."

"இருபது தடவை பயமுறுத்திட்டேன் கம்பவுண்டரே."

"சதையை எலும்போட பிடிச்சுக் கட்டியிருக்கறது தசைநார். அது சதை மாதிரி நீளாது. அதையும் இழுத்துட்டீக. உள்ளாற நரம்பு ஓடுது பாருங்க, அது வேற சாதி. இடம் குடுத்தா நகரும், ஒதுங்கும். இழுத்துப் பிடிச்சா மட்டும் ஆகாது. விரல் வரைக்கும் சுள்ளுன்னு கத்தும்."

"இப்ப எது கோவமா இருக்கு?"

"மூணும்."

"கால் சரியாப் போக எத்தனை நாளாகும்?"

"மூணு வாரம்."

"இன்ஸ்பெக்டர் நாளைக்கு வாராகய்யா!"

அருளப்பன் யோசிச்சுப் பார்த்துட்டு, "அப்ப அவுகளை மூணு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க"ன்னுட்டுப் போயிட்டாக.

விடிஞ்சுச்சு. கால் அசையலை. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அடப்பாவி, வைத்தியத்தை வீட்லயே வச்சுக்கிட்டு நான் ஊரெல்லாம் தேடறேனே!

என் பேச்சியம்மா தலை முந்திப் பொறக்கலை. காலு முந்திப் பொறந்தவ. அப்படிப் பொறந்தவுக காலால மூணு உதை உதைச்சா, எப்பேர்ப்பட்ட சுளுக்கும் பிடிப்பும் விட்டுரும். கூடலூர்ல இருந்து, கம்பத்துல இருந்தெல்லாம் வண்டி கட்டி வந்து, என் பொண்டாட்டிகிட்ட உதை வாங்கிட்டுக் கும்பிட்டுப் போறாக. நான் மட்டும் வாங்குனதில்லை. அதுல எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

"பேச்சி, உதை!"

"ஆத்தாடி! கட்டுன புருசனையா? செத்தாலும் மாட்டேன்."

"வேலை போயிரும்டி. உங்கப்பா தோட்டத்துக்குத்தான் போகணும். பத்து மாட்டுக்கும் நீதான் சாணி அள்ளணும்."

"மூணு உதைதானே?"ன்னு கேட்டா.

வாசல்ல பாயைப் போட்டுக் குப்புறப் படுத்தேன். என் காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. கண்ணுல தண்ணி. "சாமி மன்னிச்சிரு"ன்னு சொல்லி, பூ மாதிரி ஒரு உதை.

எனக்கே நெஞ்சு கரைஞ்சுருச்சு. என்ன பொம்பளை!

ரெண்டாவது உதை இடி மாதிரி விழுந்துச்சு. பாயோட ரெண்டடி முன்னாடி போயிட்டேன்.

"இது, வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போறேன் போறேன்னு மூணு வருசமா என்னை ஏமாத்துனதுக்கு!"

"அடியே, இது வைத்தியம்டி!"

"நானும் வைத்தியந்தான் பாக்கறேன்"னு சொல்லி, மூணாவதுக்குச் சேலையை ஏத்திச் சொருகினா.

"வாத்தியாரே!"ன்னு ஒரு சத்தம்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர்! தொப்பி, கோட்டு, கையில குடை. என்னையே குனிஞ்சு உத்துப் பாக்கறாக. போச்சு. நாலு வருச ஆக்டிங்கும் போச்சு.

"ஐயா... இது... டிரில்லுங்கய்யா"ன்னேன். பொண்டாட்டி காலடியில கிடந்துக்கிட்டு வேற என்னத்தைச் சொல்ல!

அவுக குனிஞ்சபடியே நிக்கறாக. ரொம்ப நேரமா நிக்கறாக. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. அவுக என்னைக் குனிஞ்சு பாக்கலை. நிமிர முடியாம நிக்கறாக!

"நேத்து ஆண்டிபட்டிக் கணவாய்ல பெட்ரோல் பஞ்சத்துக்குக் கரி போட்டு ஓட்டற பஸ் ஏற மாட்டேன்னு நின்னுருச்சு வாத்தியாரே. எல்லாரும் இறங்கித் தள்ளுங்கன்னான் டிரைவர். தள்ளினேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கம்பத்துல ராத்திரி தங்கின எடத்துல சொன்னாக, இந்த ஊர்ல காலு முந்திப் பொறந்த ஒரு அம்மா இருக்காகளாம். அவுக வீடு எது?"

"இதுதாங்கய்யா. அந்த அம்மா என் சம்சாரம்."

இன்ஸ்பெக்டர் பேச்சியம்மாவைப் பார்த்தாக. என்னைப் பார்த்தாக. "தள்ளிப் படுங்க"ன்னாக.

கோட்டைக் கழட்டிட்டு என் பக்கத்துல, அதே பாயில, குப்புறப் படுத்தாக. டிரில் செஞ்சா இடுப்பே பிடிக்காதுன்னு ஜில்லா பூராவும் சொல்லிட்டு வந்தவுக!

பேச்சியம்மா அவுக முதுகு மேல ஒரு துண்டைப் போட்டா. கும்பிட்டா. ஒண்ணு. "அம்மாடி!"ன்னாக. ரெண்டு. "விடுது! தாயி, கொஞ்சம் விடுது!"ன்னாக.

மூணாவதுக்குக் காலைத் தூக்கினவ, அப்படியே நிறுத்திட்டா. ஒத்தைக் கால்ல நிக்கறா. முந்தின நாள் நான் நின்ன மாதிரி ஆட்டமெல்லாம் இல்லை. கல்லு மாதிரி நிக்கறா.

"ஐயா, ஒண்ணு கேட்டுக்கறேன்."

"மொதல்ல உதை தாயி!"

"எங்க வீட்டுக்காரருக்கு வேலை நிரந்தரம் ஆகுங்களா?"

"அது டிரில்லைப் பார்த்துட்டு..."

"மூணாவது உதை விழலைன்னா, விட்ட பிடிப்பு ரெண்டு மடங்காத் திரும்பி வரும்யா."

நாலு வருசமா நான் கேக்கப் பயந்த கேள்வி!

"ஆகும் தாயி! ஆகும்! இன்னைக்கே எழுதறேன்!"

விழுந்துச்சு மூணாவது. இன்ஸ்பெக்டர் 'ஐயோ'ன்னு துள்ளி எந்திரிச்சாக. நேரா நின்னாக! குனிஞ்சு பார்த்தாக, நிமிந்து பார்த்தாக. முழங்காலை மடக்காம கால் கட்டைவிரலைக் கூடத் தொட்டுக் காட்டினாக. அன்னைக்கு எங்க பள்ளிக்கூடத்துல நடந்த ஒரே டிரில் அதுதான்.

பின்னாடி இதை அருளப்பன்கிட்டச் சொன்னேன். "உதையில ஒண்ணும் இல்லை சார். அவுகளுக்கு வெறும் பிடிப்பு. பாயில நீட்டிப் படுத்ததுலயே சதை பிடியை விட்டிருக்கும். உங்களுக்கு நெசமாவே கிழிஞ்சு போச்சு"ன்னாக. அவுக சொன்ன கணக்குத்தான். மூணு வாரம் நொண்டினேன்.

மாசம் திரும்பறதுக்குள்ள உத்தரவு வந்துருச்சு. நிரந்தரம்! பேச்சியம்மா கையில குடுத்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனா அந்தக் காகிதத்தை நெஞ்சுல வச்சுக்கிட்டு அழுதா. நானும் அழுதேன், கால் வலின்னு சொல்லிக்கிட்டு.

அடுத்த வருசம் இன்ஸ்பெக்டர்கிட்ட இருந்து கடுதாசி வந்துச்சு. "டிரில் காட்ட வேண்டியதில்லை. ஆசிரியரின் மனைவி அன்று கட்டாயம் ஊரில் இருக்க வேண்டும்." என்னைப் பத்தி ஒரு வரி இல்லை.

அந்தச் சித்திரையில வீரபாண்டித் திருவிழாவுக்கு அவளை எட்டு நாளும் கூட்டிட்டுப் போனேன். என் கணக்குல மூணாவது உதை இன்னும் விழாம நிக்குதே.