முப்பது டிகிரி மட்டும் எழுந்த மனிதர்

எனக்கு ஆகாய விமானத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றே எங்கள் வீட்டில் அப்போது நம்பினார்கள். உடம்பு நன்றாக இருப்பவர்கள்தாம் விமானத்தில் போவார்கள். ஆகவே அங்கே ஒரு செவிலிக்கு வேலையே இருக்காது, ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும் என்பது அம்மாவின் தேர்ந்த முடிவு. தஞ்சாவூரில் காய்கறி வாங்கப் போகும் கடைகளிலெல்லாம், "எம் பொண்ணு ஏரோப்பிளேன்ல இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தாள். (நான் அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டதுபோல.) அப்பா பள்ளியில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் நியமனக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "நோயாளியை ஓரிடத்துலேருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேக்குற வேலை. நடுவுல ஏரோப்பிளேன் வருது, அவ்வளவுதான்" என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

திருச்சியில் இயங்கிய ஒரு சிறிய நிறுவனம் அது. பிழைக்கப் போன நாட்டில் விபத்தோ நோயோ கண்டு படுத்துவிட்ட நம்மூர்க்காரர்களை, அங்குள்ள மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அவர்கள் வீட்டுக் கட்டில் வரை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது அதன் தொழில். கூடவே வரும் செவிலிக்கென்று ஒரு விதிப்புத்தகம் உண்டு. அதை நான் மனப்பாடம் செய்திருந்தேன். (பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்லுவார்களே, அப்படி யாராவது ஒப்பிக்கச் சொல்லியிருந்தால் பதினேழாம் விதியை ராகத்தோடு ஒப்பித்திருப்பேன்.) முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். ஒரேயொரு புகார் வந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் முதல் நோயாளியின் பெயர் தட்சிணாமூர்த்தி. வலங்கைமானைத் தாண்டி ஒரு கிராமத்துக்காரர். மஸ்கட்டில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பும் தாடையும் முறிந்துவிட்டன. இடுப்பில் தகடு வைத்திருந்தார்கள். ஆறு வாரம் எழுந்து உட்காரவே கூடாது. தலைமாட்டை வேண்டுமானால் முப்பது டிகிரி உயர்த்தலாம். மீறினால் தகடு பிசகும். பிறகு அவர் வயலில் இறங்கி நடப்பது சந்தேகம் என்று மருத்துவர் என்னிடம் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். தாடைக்கு, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பேச முடியாது. மௌனத்தாலேயே உபதேசம் செய்யும் சாமியின் பெயரை வைத்துக்கொண்டு, அந்தச் சாமியைப் போலவே வாய் திறவாமல் படுத்திருந்தார். சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவார்.

தாடை கட்டியவருக்குத் திடீரென்று வாந்தி வந்தால் மூச்சடைத்துவிடும். அந்தக் கணமே கம்பியை வெட்டியாக வேண்டும். அதற்காக ஒரு கட்டிங் பிளேயரை நாடாவில் கோத்து என் கழுத்தில் மாட்டியிருந்தேன். மருத்துவரின் கடிதம் கையில் இருந்தும், விமான நிலையத்தில் மூன்று அதிகாரிகள் அதை மாறி மாறித் திறந்து மூடிப் பார்த்தார்கள். நான் தாலியைக் காப்பதுபோல அதைக் காத்துக்கொண்டு வந்தேன்.

புறப்படுவதற்கு முன் அவர் மனைவி மல்லிகாவிடம் தொலைபேசியில் பேசினேன்.

"எப்படிம்மா இருக்காங்க?" என்றார்.

நோயாளியின் நிலை குறித்துத் தொலைபேசியில் எதுவும் சொல்லக்கூடாது என்பது விதி. ஆகவே, "நேரில் ஒப்படைக்கும்போது விளக்கப்படும்" என்றேன், ரயில்நிலைய அறிவிப்பின் குரலில்.

"சரிம்மா" என்றார்.

"தூக்க நாலு பேரைத் தயாரா வைங்க" என்றேன். அதுவும் விதி.

"அதெல்லாம் எப்பவோ சொல்லியாச்சும்மா. ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வலங்கைமான் வருவீங்க? அத மட்டும் கரெக்டாச் சொல்லுங்க."

இதை மூன்று தடவை கேட்டார். கணவரைக் காணும் தவிப்பு என்று எண்ணி உள்ளுக்குள் உருகினேன்.

திருச்சியில் இறங்கியதும் சவரிமுத்து அண்ணன் ஆம்புலன்ஸுடன் காத்திருந்தார். இருபது ஆண்டு ஓட்டிய அனுபவம்; வரப்பில்கூட வண்டியைக் குலுங்காமல் ஓட்டுவார். தஞ்சாவூர், கும்பகோணம் தாண்டும்வரை எல்லாம் விதிப்படி நடந்தது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்தேன். தட்சிணாமூர்த்தி ஜன்னல் வழியே தெரிந்த உளுந்து வயல்களைப் பார்த்துவிட்டு, "காய் பிடிச்சிருக்கு" என்று எழுதிக் காட்டினார்.

வலங்கைமான் நெருங்கும்போது சாலையில் கூட்டம் வண்டியை நிறுத்தியது. எட்டிப் பார்த்தேன். எதிரே பச்சை மூங்கிலில் கட்டிய புத்தம்புதிய பாடை. கீற்றும் சாமந்தியும் வேப்பிலையும் வைத்துச் சோடித்திருந்தது. பக்கத்தில் தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பாடைக்கு முன்னால், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மஞ்சள் புடவையில் ஓர் அம்மாள் நின்று, எங்கள் வண்டியைப் பார்த்ததும் "வந்துட்டாங்க!" என்று கத்தினார். குரலிலேயே தெரிந்தது, மல்லிகா.

'நேரில் விளக்கப்படும்' என்றேனே, 'தூக்க நாலு பேர்' என்றேனே! வெளிநாட்டிலிருந்து சவம் வரும்போது நம்மூரில் இப்படித்தானே பூசி மெழுகிச் சொல்வார்கள்! உயிரோடு இருக்கும் மனிதருக்கு என் விதிப்புத்தகம் பாடை கட்டிவிட்டது. அவர் இதைப் பார்த்தால் இதயமே நின்றுவிடுமே என்று பதறி, வண்டியின் திரையை இழுத்து மூடிவிட்டுக் கீழே குதித்தேன்.

"உயிரோட இருக்கார்! அவர் உயிரோட இருக்கார்!" என்று இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்துக் கத்தினேன். கழுத்தில் பிளேயர் ஆடிக்கொண்டிருந்தது.

மல்லிகா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தெரியும்மா. உயிரோட இருக்கிறதாலதான் பாடை."

சவரிமுத்து அண்ணன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பாடைக்காவடிம்மா. பங்குனி ஞாயிறுல்ல. தஞ்சாவூர்க்காரங்க, உங்களுக்குத் தெரியும்னுல்ல இருந்தேன்" என்றார்.

தெரியும்தான். சாகக் கிடந்து பிழைத்தவர்கள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, பிணம்போலப் பாடையில் படுத்துக் கோயிலைச் சுற்றி வருவார்கள் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் படித்தது எங்கோ உள்ளே இருந்தது. பாடை கண்ணெதிரே இருந்தது.

"விழுந்துட்டாங்கன்னு சேதி வந்த அன்னிக்கே வேண்டிக்கிட்டேன்மா" என்றார் மல்லிகா. குரல் இறங்கிவிட்டது. "உசுரோட வந்தா வீட்டு வாசப்படி மிதிக்கிறதுக்கு முன்னாடி உன் வாசலுக்குப் பாடையில கொண்டாரேன் தாயேன்னு. இன்னிக்கு விட்டா இனி அடுத்த வருஷம்தான். அதுவரைக்கும் அவங்கள வெளியிலயா வெச்சிருக்கிறது?"

"இடுப்பு அசையக்கூடாதும்மா. அசைஞ்சா நடக்கவே முடியாமப் போயிடும். நான் அனுமதிக்க முடியாது."

மல்லிகாவின் தம்பி முருகேசன் முன்னால் வந்தார். "ஏம்மா, கடல் தாண்டிக் கொண்டாந்துட்டீங்க. இந்தா இருக்கு கோயில், கூப்பிடு தூரம். இதுக்கா ரூல்ஸ் பேசுறீங்க?"

நோயாளியிடம் கேட்போம் என்று திரையை விலக்கினேன். அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்: "அவ சொன்னா சொன்னதுதான். ஸ்ட்ரெச்சரோட தூக்கச் சொல்லுங்க. நீங்களும் கூட வாங்க."

ஆகவே கம்பெனி ஸ்ட்ரெச்சரை அப்படியே பாடைமேல் வைத்து, வாழைநாரால் இறுக்கிக் கட்டினோம். அப்போதுதான் ஓர் உண்மை எனக்கு விளங்கியது: எங்கள் விதிப்புத்தகமும் பாடை கட்டும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வந்த அம்மாள், நான் இரண்டு தொடைகளுக்கு நடுவே தலையணை வைத்துப் பெல்ட் போட்டிருப்பதைப் பார்த்துத் திருப்தியுடன் நகர்ந்தார். வாய்க்கட்டுத் துணியோடு வந்த இன்னொருவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அடி ஆத்தி! ஆஸ்பத்திரியிலயே வாய்க்கட்டுப் போட்டுல்ல அனுப்பியிருக்காங்க. அதுவும் கம்பியில!"

"அங்கெல்லாம் எல்லாம் கெட்டியா இருக்கும்த்தா" என்றார் முருகேசன்.

தூக்க நாலு பேரில் ஒருவர் குறைந்ததால் சவரிமுத்து அண்ணன் தோள் கொடுத்தார். தட்சிணாமூர்த்தியின் அண்ணன் தீச்சட்டி ஏந்தி முன்னே நடந்தார். தப்பு முழங்கியது. பாடையின் இடப்பக்கம், வெள்ளைக் கோட்டும் பிளேயரும் நோட்டுப் புத்தகமுமாக, நான்.

கோயில் அருகே போனபோது பதினைந்து நிமிடம் முடிந்தது. விதி என்றால் விதி. அழுத்தத்தைப் பார்த்து, ஓரமாக நின்று நேரம் போட்டு, எண்ணைக் குறித்து, அடியில் கையெழுத்தும் இட்டு நிமிர்ந்தேன். எதிரே ஆறு பாடைகள் போய்க்கொண்டிருந்தன. ஆறிலும் பச்சை மூங்கில், ஆறிலும் சாமந்தி, ஆறிலும் வேப்பிலை. எங்கள் ஸ்ட்ரெச்சரின் ஆரஞ்சு நிறம் பூவுக்குள் முழுகிவிட்டிருந்தது.

அருகிலிருந்த பாடைக்கு ஓடி, மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி குதிரை ஓட்டம் ஓடியது. பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"கூசுதும்மா. யாரு நீ?"

தூக்கியவர்களில் ஒருவர் சிரித்தார். "பாடையில ஏத்தினப்புறம் நாடி பாக்குறாங்கய்யா. கவருமெண்டு ஆஸ்பத்திரி போலருக்கு!"

நான் சிரிக்கவில்லை. அரபிக்கடலைத் தாண்டிக் கொண்டுவந்த மனிதரைக் கோயில் வாசலில் தொலைத்துவிட்டிருந்தேன். பங்குனி வெயில் நெருப்பாகக் கொட்டியது. காலையில் அவருக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்திருந்தேன். இப்போது குமட்டினால் வெட்ட வேண்டிய பிளேயர் என் கழுத்தில் இருக்கிறது, வாய் எங்கோ இருக்கிறது. பாடை பாடையாக ஓடினேன். "தட்சிணாமூர்த்தி! தட்சிணாமூர்த்தி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பதில் சொல்ல அவரால் முடியாது என்பது கத்திய பிறகே நினைவுக்கு வந்தது. எதிரே வந்த பெரியவர் ஒருவர் மட்டும், எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்துக் கைகூப்பி ஒதுங்கி வழிவிட்டார்.

பாடைகள் கோயிலை மூன்றாம் முறை சுற்றும்போது, தலைகளுக்கு மேலே, ஒரு பாடையிலிருந்து ஒரு கை எழுந்தது. கையில் விரித்த நோட்டு. கொட்டை எழுத்தில்: "நர்ஸம்மா இங்கே."

"மாமா, கைய மடக்குங்க!" முருகேசனின் குரல் கேட்டது. "செத்தவரு இப்பிடியா போர்டு காட்டுவாரு?"

ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். நாடி எண்பது. எனக்குத்தான் நூற்று நாற்பது இருந்திருக்கும். அதன்பின் கோயில் வாசல்வரை அந்தக் கையை நான் விடவில்லை.

வாசலில் பாடையை இறக்கினார்கள். பூசாரி தீர்த்தத்தைத் தெளித்து, வேப்பிலையால் தடவி, திருநீறு இட்டு, "ஆத்தா உசுரு குடுத்துட்டா. எந்திரிப்பா!" என்றார். தப்பு நின்றது. தட்சிணாமூர்த்தி, வந்த பரவசத்தில், உண்மையிலேயே முழங்கையை ஊன்றினார்.

"எந்திரிக்கக் கூடாது!" என்று நான் அலறினேன். "ஆறு வாரத்துக்கு எந்திரிக்கவே கூடாது!"

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செத்தவர் எழுவதைத் தடுக்கும் ஒரு மனுஷியை அந்த வாசல் அதுவரை கண்டிருக்காது. பூசாரி கையில் வேப்பிலையோடு உறைந்து நின்றார்.

மல்லிகா மட்டும் கோபப்படவில்லை. என் பக்கத்தில் வந்து, கிசுகிசுப்பாகக் கேட்டார். "கொஞ்சம்கூட ஆகாதாம்மா? ஆத்தா பாக்குற அளவுக்காவது?"

விழுந்த சேதி வந்ததிலிருந்து இருபத்திரண்டு நாள் தூங்காத கண்கள் அவை. எனக்கு விதி நினைவுக்கு வந்தது. அந்த நாளில் முதல்முறையாக உருப்படியான ஒரு விதி.

"முப்பது டிகிரி ஆகும்" என்றேன்.

ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டுப் பிடியை நானே மெல்ல மெல்ல உயர்த்தினேன். சாமந்திக்குள்ளிருந்து தட்சிணாமூர்த்தியின் முகம் எழுந்தது. கம்பி கட்டிய பற்கள் தெரியச் சிரித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். மல்லிகா அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் படிவத்தில், 'இறுதிக் கட்டத்தில் பயன்படுத்திய வாகனம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. 'பாடை' என்று எழுதினேன். மறுநாள் மேலாளர் அழைத்தார். "மேடம், நோயாளி உயிரோட இருக்காரா இல்லையா, அதை மட்டும் முதல்ல சொல்லுங்க" என்றார். புகார் எதுவும் வராததால் வேலை போகவில்லை. விதிப்புத்தகத்தில்தான், நோயாளியைப் பாடையில் ஏற்றக்கூடாது என்று புதிதாக ஒரு விதி ஏறியது. அதன் காரணம் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லப்பட்டதில்லை.

ஆனால் மேலாளர் அழைப்பதற்கு முன்பே யாரோ எடுத்த காணொளி எங்கள் குடும்ப வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"ஏண்டி, நீ ஏரோப்பிளேன்ல இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள் அம்மா. "நீ யாரு பாடைக்குப் பின்னாடி கட்டிங் பிளேயரோட ஓடிக்கிட்டு இருக்க?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ஓரிடத்துலேருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேக்குற வேலைன்னு அப்பவே சொன்னேன்."

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் புதிதாக வரும் மருமகனுக்கோ மருமகளுக்கோ என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவதான், ஏரோப்பிளேன்ல ஏத்திப் பாடையில இறக்கினவ" என்கிறார்கள். பிறகு எத்தனையோ பேரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். அது கணக்கில் வருவதில்லை.

தட்சிணாமூர்த்தி ஒவ்வொரு பங்குனியிலும் தொலைபேசியில் அழைப்பார். அன்று கட்டியிருந்த வாய்க்கும் சேர்த்து இப்போது பேசுகிறார்: வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, உளுந்து காய் பிடித்ததா, மல்லிகாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது, எல்லாம். இந்த ஆண்டு பேசும்போது அன்று கூட இருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டோம். தீச்சட்டி ஏந்திய அவருடைய அண்ணன் இல்லை. தோள் கொடுத்த சவரிமுத்து அண்ணன் இல்லை. எங்கள் அப்பாவும் இல்லை. அந்தக் கம்பெனியும் இல்லை. பாடையில் படுத்திருந்தவர் இருக்கிறார்.