சித்தி வீட்டு வாசலில் அடித்த ஹாரன்

சாவு வீட்டில் அழுதவர்கள் உண்டு, சண்டை போட்டவர்கள் உண்டு, காபி சரியில்லை என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. நான்கு நிமிடம் விடாமல் ஹாரன் அடித்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். நான்கு நிமிடம் என்பது என் கணக்கு. எங்கள் சொந்தக்காரர்களைக் கேட்டால் அரை மணி நேரம் என்பார்கள். (என் அத்தை மகன் ஒருவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. அவன் முக்கால் மணி நேரம் என்கிறான்.)

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. சின்னப் பெண், விவரம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை, முசரவாக்கத்தில் வீடு, வீட்டில் அப்பாவும் நானும். பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தேன். ஓடுவதெல்லாம் நன்றாகத்தான் ஓடியது. ஹாரன்தான் மானத்தை வாங்கியது. அழுத்தினால் எலிக்குஞ்சு மாதிரி கீச்சென்று ஒரு சத்தம். ஹைவேயில் எந்த லாரிக்காரரும் அதை மதித்ததில்லை. ஒரு முறை பஸ் ஸ்டாண்டு பக்கம், நடு ரோட்டில் நடந்து போன ஒருவருக்குப் பின்னால் நான் அழுத்திக்கொண்டே போனேன். அவர் நின்று, சட்டைப் பையிலிருந்து தன் செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டார். அன்றைக்கே முடிவு செய்தேன், ஹாரனை மாற்றுவதென்று.

இந்த இடத்தில் எங்கள் குடும்பச் சண்டையையும் சொல்லியாக வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் பிள்ளையார்பாளையத்தில் ஒரே வீட்டில் பட்டு நெய்தவர்கள். பாகம் பிரித்தபோது, வெளிச்சம் நன்றாக விழும் முன்னறை யாருக்கு என்று இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. சண்டைக்குப் பிறகு முன்னறை சித்தப்பாவுக்குப் போனது. "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா நான் மனுசனே இல்ல" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியேறினார். பதினோரு வருடம் ஆகியும் மிதிக்கவில்லை. கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டால் ஒருவர் முதல் பந்தி, இன்னொருவர் மூன்றாம் பந்தி.

சித்தி மட்டும் இரண்டு பக்கமும் பேசுவாள். அம்மா போனபிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள்தான். அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டிலேயே படுத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, உங்கப்பாவ ஒரு தரம் கூட்டிக்கினு வாயேன். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துக்கினு இருக்கறத பாத்துட்டா போதும்மா எனக்கு."

"ஞாயித்துக்கிழம கூட்டிக்கினு வரேன் சித்தி. கார்லயே."

"காலையிலயே வந்துடும்மா. மத்தியானம் ஆனா எனக்கு நெனவு தப்பிப் போவுது."

அப்பாவிடம் சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் தன் வெள்ளை வேட்டியை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நியாயமாக நான் அடுத்த நாள் விடிந்ததும் அவரை அழைத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? காலை எட்டு மணிக்கு, குளித்து விபூதி இட்டுத் தயாராக நின்றவரிடம், "ஒரு அரை மணி நேரம்பா, ஹாரன் மாத்திக்கினு வந்துடறேன்" என்றேன்.

"இன்னிக்கு எதுக்கும்மா ஹாரன்? ஆட்டோல போயிடலாமே."

"பதினோரு வருஷம் கழிச்சி போறே, ஆட்டோலயா போவே?"

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அமாவாசைக்குத்தான் லீவு, ஞாயிற்றுக்கிழமைக்கு இல்லை. அதில் என் எலிக்குஞ்சு ஹாரன் யார் காதில் விழும்? அப்பா திரும்பி வருகிறார் என்றால் தெருவே எட்டிப் பார்க்க வேண்டாமா? சத்தம் இருந்தால்தான் மதிப்பு என்று எப்படியோ என் மண்டையில் ஏறியிருந்தது.

கார் சாமான் கடை பாய் சிவப்பு நிறத்தில், தட்டு மாதிரி இரண்டு ஹாரன்களை எடுத்து வைத்தார். "ரெண்டும் சேந்து அடிச்சா லாரியே ஒதுங்கும் மேடம்" என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் மாட்டுவதற்கு முன்பக்க பம்பரையே கழற்ற வேண்டியிருந்தது. அரை மணி ஒன்றாகி, ஒன்று இரண்டானது. பத்து மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னும் ரிலே போடணும் மேடம். இது நெறைய கரண்ட் இழுக்குது. அது இல்லாம நேரா குடுத்தா ஸ்டேரிங்ல இருக்கற ஸ்விட்சு சூடாயி ஒட்டிக்கும்."

"ஒட்டிக்கினா?"

"அடிச்சிக்கினே இருக்கும்."

"எவ்ளோ நேரம் ஆவும் பாய்?"

"கடையில ஸ்டாக் இல்ல. வாங்கியாந்து ஒயர் இழுக்கணும். ஒரு மணி நேரம் ஆயிடும்."

"வேணாம் பாய். அப்பா காத்துக்கினு இருக்காரு. அடுத்த வாரம் போட்டுக்கலாம்."

"அப்ப அதுவரைக்கும் அடிக்காதீங்க."

புது ஹாரன் வாங்கியவளிடம் போய் அடிக்காதே என்றால் நடக்கிற காரியமா? ஊர் எல்லை தாண்டுவதற்குள் பதினான்கு தடவை அடித்தேன். ஒரு லாரி உண்மையிலேயே ஒதுங்கியது. ராணி மாதிரி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, அப்பாவைக் கூப்பிடுவதற்காக இன்னொரு தடவையும் அடித்தேன்.

அவர் வெளியே வரவில்லை. உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் செல்போன்.

"போயிட்டாளாம்மா" என்றார். "இப்பத்தான் போன் வந்துச்சி."

எட்டு மணிக்கு ஆட்டோ பிடித்திருந்தால் எட்டரைக்குப் போயிருப்போம். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டு எழுந்து, "கெளம்பு" என்றார்.

தெருவுக்குள் கார் நுழைந்தபோது ஒரு தறிச் சத்தம்கூட இல்லை. அங்கே யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பிணம் எடுக்கும்வரை ஒருவரும் தறியில் உட்கார மாட்டார்கள். ஆட்கள் எல்லாம் ஓரமாக, மெல்லிய குரலில் பேசிக்கொண்டு நின்றார்கள். என் பழைய ஹாரனே அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

வீட்டு முன்னால் ஷாமியானா போட்டிருந்தது. அதன் கீழே பெஞ்சில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்க வந்த ஆண்கள் ஒவ்வொருவராக அவர் முன்னால் போய்க் கையை நீட்ட, அவர் தொட்டுத் தொட்டு விட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வாய் திறந்து ஒன்றும் கேட்க வேண்டியதில்லை, கை தொட்டால் போதும். பகையாளியாக இருந்தாலும் அங்கே கையைத் தொட்டுவிட்டால் பகை முடிந்தது என்று அர்த்தம். அப்பா இறங்கி மெதுவாக அவரைப் பார்த்து நடந்தார். ஷாமியானா தெருவில்தானே இருக்கிறது, வாசப்படி இன்னும் தள்ளி இருக்கிறது என்று நானே அப்பாவின் சபதத்துக்காக மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

"காரை கொஞ்சம் பின்னால எடும்மா, ஐஸ் பெட்டி வண்டி வருது" என்றார் யாரோ ஒருவர்.

ரிவர்ஸ் போட்டேன். என் கண்ணெல்லாம் முன்னால்தான். அப்பா சித்தப்பாவின் எதிரே போய் நின்றுவிட்டார். சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். அப்பா இரண்டு கைகளையும் நீட்டினார். சித்தப்பாவின் கை மடியிலிருந்து எழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியில் ஒரு நாய் தெரிந்தது, என் காருக்குப் பின்னால் காலை நீட்டிப் படுத்திருந்தது. சும்மா, பழக்கதோஷத்தில், ஒரு விரலால் லேசாக ஒரு தட்டு தட்டினேன்.

பாய் சொன்னது சரிதான். ஒட்டிக்கொண்டது.

லாரியை ஒதுக்கும் ஹாரன் இரண்டு, சாவு விழுந்த தெருவில் எப்படிக் கேட்டிருக்கும் என்று என்னால் எழுதிக் காட்ட முடியாது. உள்ளே பெண்கள் அழுகை நின்றது. சங்கு ஊதிக்கொண்டிருந்தவர் சங்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிழைப்பில் மண் போட வந்தவளைப் பார்க்கிற பார்வை. நாய் மட்டும் அசையவில்லை.

சாவியை உருவினேன், நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஓங்கி ஓங்கிக் குத்தினேன், நிற்கவில்லை. ஆண்கள் எல்லாம் ஓடி வந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள். "சாவிய எடும்மா!" "எடுத்துட்டேங்க!" "என்னாது?" "எடுத்துட்டேன்!" "காது கேக்கல, மொதல்ல ஹாரன நிறுத்து!" பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். அந்த லீவர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கைக்குக் கிடைத்ததை இழுத்தேன், பெட்ரோல் மூடி திறந்தது. இன்னொன்றை இழுத்தேன், என் சீட்டு படாரென்று பின்னால் சாய, நான் மல்லாந்தேன். அந்தக் கோலத்தில்தான் பாதி சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். தொண்ணூறு வயசு இருக்கும் ஒரு பெரியவர் ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டார். அவ்வளவு நடந்தும் அந்தக் கும்பிடுதான் இன்னும் என் கனவில் வருகிறது.

கடைசியில் யாரோ லீவரைக் கண்டுபிடித்து பானெட்டைத் தூக்கினார்கள். கூட்டம் விலகியது. பார்த்தால், கையில் தறிக் கத்தரியோடு சித்தப்பாவே வந்து நிற்கிறார்.

"எந்த ஒயரு?" என்று கத்தினார்.

"தெரியல சித்தப்பா!"

குனிந்தார். கைக்கு எட்டிய ஒயரை எல்லாம் ஒன்றுவிடாமல் வெட்டினார். ஹாரன் நின்றது. சித்தப்பா அந்தக் கத்தரியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"காலையில கண்ணு முழிச்சதுலேந்து, கார் சத்தம் கேக்குதா, கார் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கினே இருந்தா. இப்பத்தான் கேக்குது."

அப்பா ஷாமியானாவின் கீழே, சித்தப்பா எழுந்து வந்துவிட்ட காலிப் பெஞ்சின் எதிரே, தனியாக நின்றுகொண்டிருந்தார். நீட்டிய கை இரண்டும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கையைச் சித்தப்பா அப்புறமும் தொடவில்லை. அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள், ஐஸ் பெட்டி வந்தது, அந்த நேரம் போயே போய்விட்டது.

கார் உயிரை விட்டிருந்ததால் நாங்கள் நினைத்தாலும் கிளம்பியிருக்க முடியாது. நாலு பேர் அதைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருக்கோடியில் விட்டார்கள். சாயங்காலம் பாடையின் முன்பக்கம் அப்பா தோள் கொடுத்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுக்குள் போய் விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் கலைய வேண்டும். எல்லாரும் உள்ளே போனார்கள். அப்பா மட்டும் ஈர வேட்டியோடு தெருவிலேயே நின்றார். சித்தப்பா உள்ளே இருந்து வந்து வாசப்படியில் நின்றார்.

"உள்ள வா" என்றார்.

அப்பா படியை மிதித்தார். முன்னறையில், நிறுத்தி வைத்த தறிக்குப் பக்கத்தில், அண்ணனும் தம்பியும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். சித்தி பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். பார்ப்பதற்குச் சித்தி இல்லை. நான் சுவரோடு சாய்ந்து நின்று அழுதேன். அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அது.

இப்போது எங்கள் குடும்பத்தில் காலம் கடந்து தடபுடலாகச் செய்யும் எதற்கும் "சித்திக்கு ஹாரன்" என்று பெயர். மழை விட்டபிறகு வாங்கிய குடை சித்திக்கு ஹாரன். மாப்பிள்ளை கிளம்பிப் போனபிறகு வந்த மேளம் சித்திக்கு ஹாரன். ஆரம்பித்து வைத்தது சித்தப்பாதான். கரும காரியத்தன்று, எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு யாரோ அப்பளத்தைக் கொண்டுவந்து வைக்க, அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது. சொல்லிவிட்டு அவரே சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது யாராவது சொன்னால் நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுகிறேன். (சிரிக்காவிட்டால் இன்னும் நாலு தடவை சொல்வார்கள்.)

அப்பா மட்டும் சிரிப்பதில்லை. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று போன் வந்தால், "இருப்பா, கார எடுக்கறேன்" என்று நான் சாவியைத் தேடி எடுப்பதற்குள், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் பாதி தூரம் நடந்திருப்பார்.