கேட்டீர்களா, ஒன்றுமே கேட்கவில்லை!

கிட்டார் வாசிப்பவர்கள் ஒரு ரகம். கிட்டாரை வாசிக்காமல் வைத்துக்கொண்டு அது என்ன சத்தம் போடுகிறது என்று கேட்பவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் இரைச்சல் வேட்டைக்காரர். ஆம்ப்ளிஃபையரைக் கடைசி வரை திருகிவிட்டு, தந்திகளிலிருந்து கையை எடுத்துவிட்டு, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒருவர் நிற்பதைப் பார்த்தால் 'என்ன பாட்டு?' என்று கேட்டுவிடாதீர்கள். "ஸ்ஸ்!" என்பார்.

அமெரிக்காவில் எங்கள் ஓஹையோ ஊர்களில், வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட் அறைகளில் இரண்டுக்கு ஒருவர் இப்படி இருப்பார். லைல் புரூபேக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக், தங்கமான மனிதர். பதினாலு வருஷமாக நாலு பேர் சேர்ந்த ஒரு குழுவில் கிட்டார் வாசிக்கிறார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊரே கூடி மீன் வறுவல் தின்னும்; மேடையில் இவர்கள் வாசிப்பார்கள். லைலுக்கு யாராவது கைதட்டுகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

வினை ஒரு பெடலில் ஆரம்பித்தது. கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்க, காலால் மிதிக்கிற சின்ன டப்பா. சுவர் அடாப்டரில் செருகினால் பின்னணியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். பேட்டரி போட்டால் அது அடியோடு போய்விடும். லைலுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் இந்த இனத்தாருக்குப் பேட்டரி போடுவது வெள்ளைக்கொடி காட்டுவதற்குச் சமம்.

பெடலின் முதுகைத் திறந்தார். மின்சாரம் உள்ளே வரும் வழியில் ஒரு சின்ன ரெசிஸ்டரைக் குறுக்கே நிறுத்தினார். பக்கத்தில் ஒரு கெபாசிட்டரைப் பற்றவைத்தார். உறுமல் முக்கால்வாசி அடங்கிவிட்டது. அத்தோடு மூடியிருக்கலாம் அல்லவா? உறுமல் அடங்கினால்தானே அதன் பின்னால் ஒளிந்திருந்த 'உஸ்' கேட்கும்! அதற்காக இன்னும் பெரிய கெபாசிட்டர் போட்டார், அதற்கும் பெரியது போட்டார், மூடியே மூட முடியாத அளவுக்கு ஒன்றைப் போட்டார், பெடலுக்குத் தனி அடாப்டர் வாங்கினார், குழல்விளக்கை அணைத்தார், கடைசியில் வீட்டில் மோட்டார் எதுவும் ஓடக்கூடாது என்று உத்தரவும் போட்டார். ஐந்து வாரம் போயிற்று.

மனைவி ஜெனெல் பேஸ்மென்ட் படியில் நின்று கத்தினாள். "லைல்! துணி டிரையரப் போடவா, வேண்டாமா?"

"அஞ்சே நிமிஷம்!"

"நேத்தும் இதே அஞ்சு நிமிஷந்தான். ஈரத் துண்டாலேயே எத்தன நாள் துடைச்சிக்கிறது?"

அப்புறம் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிற ரோண்டா போன் செய்தாள். அவள் சுற்றிவளைத்துப் பேசுகிறவள் அல்ல. "ஒத்திகைக்கு வந்து அஞ்சு வாரம் ஆச்சு. புதன்கிழமை நாங்களே அங்க வர்றோம். அந்த டப்பாவ மூடிட்டு ரெண்டு பாட்டு வாசி. இல்லேன்னா வெள்ளிக்கிழமைக்கு கிட்டார் வாசிக்க அந்தப் பையன் கிப்பக் கூப்பிட்டுருவேன்." லைல் போனை வைத்த கையோடு பேஸ்மென்ட்டுக்கு இறங்கினார். ராத்திரி பகலாக உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமைக்குள் ஜெயித்துவிட்டார்.

புதன்கிழமை வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்தார். ஆம்ப்பைக் கடைசி வரை திருகினார். பெடலை மிதித்தார். அரை நிமிஷம்.

"கேக்குதா?"

"எது?" என்றாள் ரோண்டா.

"அதேதான்!" லைலுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒண்ணுமே கேக்கல பாத்தியா!"

"ஆம்ப் ஆன்லதான் இருக்கா?" என்றார் டிரம்ஸ்காரர்.

"சூப்பர். இப்ப வாசி," என்றாள் ரோண்டா.

வாசித்தார். கிட்டார்காரனுக்கு விரல்நுனிக் காய்ப்புதான் சொத்து; ஐந்து வாரத்தில் அது உதிர்ந்துபோய், விரல் குழந்தையின் கன்னம்போல ஆகியிருந்தது. தந்தி கத்தியாக இறங்கியது. நாலாவது அடியில் தடுக்கினார். மறுபடி ஆரம்பித்து, மறுபடி அங்கேயே விழுந்தார். இத்தனைக்கும் பதினாலு வருஷம் வாசித்த பாட்டு. அவர் தடுக்கியதெல்லாம் பளிங்குபோலத் துல்லியமாகக் கேட்டது.

ரோண்டா திட்டியிருந்தால்கூடத் தேவலை. தரையைப் பார்த்துக்கொண்டு, "பெடல் ரொம்ப நல்லாருக்கு, லைல்," என்றாள்.

வெள்ளிக்கிழமை கிப் வாசித்தான். அவன் பெடல் தேன்கூடு மாதிரி இரைந்தது. கூடம் முழுக்க ஆடியது, ஜெனெலும் ஆடினாள். லைல் முட்டைக்கோஸ் தட்டருகே நின்று, மீன் பரிமாறுகிறவரிடம் கேட்டார்: "இந்த இரைச்சல் ஒங்க காதுல விழுதா?"

"எந்த இரைச்சல்? பையன் பின்றான்யா!"

லைலுக்குப் புத்தி வந்தது, வீட்டுக்குப் போய்க் கிட்டாரைத் தொட்டார் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் நேராக மேடைக்குப் போய்க் கிப்பின் தோளைத் தொட்டார். "தம்பி, இந்தப் பெடல ஒரு வாரம் எங்கிட்ட குடு. சத்தமே இல்லாம பண்ணித் தர்றேன்." ரோண்டா பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வேலையைத் தொடங்குமுன் மேசையைத் துடைத்துத் துடைத்தே சாயங்காலமாக்குகிறவர் உங்கள் வீட்டில் யாரும் இல்லைதானே? நல்லது. ஒரே ஒரு கேள்வி. உங்கள் சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமுகிறதே, அது இப்போது நான் சொன்ன பிறகுதான் காதில் விழுகிறதா? அப்படியானால் பிழைத்தீர்கள். இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்தே விழுந்துகொண்டிருந்தது என்றால், தயவுசெய்து அந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வையுங்கள்.